சிங்கி நடந்த மலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக் கோபுர வாயிலில் நிற்பவர் எவரும் முதலில் அறிவது காற்றைத்தான். உள்ளே செல்பவரை அது எதிர்த்து நிறுத்தும். வெளியே வருபவரைப் பின்னின்று தள்ளும். விசுவநாதரை வணங்க வந்தவர்கள் வேட்டியையும் முந்தானையையும் பற்றிக்கொண்டு நிற்பது அங்கே அன்றாடக் காட்சி. இக்காற்று எங்கிருந்து வருகிறது என்னும் வினாவிலிருந்தே குற்றால மலையைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

அரபிக் கடலில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளத்தின் மலைச்சரிவில் மோதித் தன் மழையின் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே கிடப்பது மழை மறைவு நிலம். ஆயினும் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவை ஒட்டி, மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது. 1904ஆம் ஆண்டில் கொல்லம் இருப்புப்பாதை புகுந்து வந்ததும் அவ்வாசல் வழியேதான். அதற்கு எத்தனையோ ஊழிகளுக்கு முன்பே அவ்வழியைக் கண்டுகொண்ட பயணி காற்று. அது சுமந்து வரும் நுண்தூறலுக்கு இவ்வட்டாரம் இட்ட பெயர் சாரல். மழை வேறு, சாரல் வேறு என்பதை இங்குள்ள பள்ளிப்பிள்ளையும் அறியும்.

இம்மலையைப் பாடியவர் பலர். அவர்களுள் முதலிடம் மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயருக்கே உரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது. நூலின் சந்த இன்பத்தைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. மலைவளத்தைச் சொல்லும் பொறுப்பைக் கவிராயர் தாம் ஏற்கவில்லை. தலைவி வசந்தவல்லியிடமும் கொடுக்கவில்லை. வசந்தவல்லி தெருவில் பந்தாடும் நகரத்துப் பெண். நாள்தோறும் மலையைக் கண்ணால் காண்பவள். எனினும் அதைப் பற்றி அவள் சிங்கி என்னும் குறத்தியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மலையில் கால் வைத்து நடந்தவளுக்கே மலையைப் பற்றிப் பேசும் உரிமை என்று கவிராயர் கருதினார் போலும்.

அவள் சொல்வனவற்றில் கவிமரபு சார்ந்தனவும் உள்ளன. பாம்பு மாணிக்கம் ஈனுவதையும், நிலவைச் சோற்றுக் கவளமென்று மயங்கி யானை வழிமறிப்பதையும் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் யானை மறிப்பதற்கு அங்கே ஒரு வழி இருந்தது என்பது செய்தி. கிழங்கு அகழ்தலும், தேன் எடுத்தலும், புனத்தில் தினை விதைத்தலும் செய்தியே. குரங்குகள் கனியைப் பகிர்ந்து உண்ணும் காட்சி, மரத்தடியில் பொறுமையோடு காத்திருந்த ஒருவர் கண்டு சொல்லாமல் நூலுக்குள் வந்திராது. இரசிகமணி டி.கே.சி. தம் இறுதி ஆண்டுகளைக் குற்றாலத்தில் கழித்து 1954ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். கவிதையைச் செவிவழி அடையும் முறையைத் தமிழர்க்குக் கற்பித்தவர் அவர். குறவஞ்சியைப் பொறுத்தவரை கால்வழி அடையும் முறை ஒன்றும் வேண்டியிருக்கிறது.

அந்நடை பேரருவியில் தொடங்குகிறது. மேலிருந்து வரும் நீர் நேரே தரையில் வீழ்வதில்லை. பாறையிடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்கிடங்கில் வீழ்ந்து, பொங்கி, வேகம் தணிந்த பின்னரே வழிகிறது. மனிதத் தலை அவ்வீழ்ச்சியைத் தாங்குவது அதனாலேதான். அருவிக்குப் பின்னுள்ள பாறையில் சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நீர் வற்றும் காலத்தில் அவை தெளிவாகத் தெரியும். சுற்றுலா வருவோரில் பெரும்பாலோர்க்குக் குற்றாலம் இவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது. சிங்கிக்கோ இது வாசற்படி. சிற்றருவியைக் கடந்து ஏறினால் செண்பகாதேவி கோயிலும் செண்பக அருவியும். அதற்கும் மேலே, பாறை முகடுகளில் மலைத்தேனீயின் அடைகள் தொங்கும் தேனருவி.

ஏற ஏறக் காடு மாறுகிறது. அடிவாரத்து முட்புதர்களும் வேங்கையும் கடுக்காயும் பின்தங்க, நாங்கு, காட்டுச் செண்பகம், வெடிப்பலா என்று ஈரத்தை விரும்பும் மரங்கள் தொடங்குகின்றன. செங்குத்தான பாறை விளிம்புகளில் ஒல்லியாக ஒரு கமுகு நிற்கும். வரையில் நிற்பதால் அதற்கு வரைக்கமுகு என்று பெயர். இப்பெயரை வைத்தவர் புலவர் அல்லர், மலையில் வாழ்ந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இந்தப் பனையினத்துக்கு இரண்டு சொற்களை இணைத்து ஒரு கவிதை எழுதி முடித்துவிட்டார்கள். கிழக்கிந்தியக் கும்பினியார் குற்றாலத்தின் ஈரத்தை வேறு விதமாகக் கணக்கிட்டனர். கிராம்பும் ஜாதிக்காயும் இங்கே வளரும் என்று கண்டு தோட்டங்கள் அமைத்தனர்.

இனிப் பாறை. அருவியருகே கரிய பாறையைத் தொட்டுப் பார்த்து, எரிமலைக் குழம்பு இறுகியது இது என்று சொல்பவர் உண்டு. அது பிழை. திரிகூடம் எரிமலை அன்று. இது புவியோட்டின் அடியாழத்தில் கடுவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வெந்து உருமாறி, மேலிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்த பின் வெளிப்பட்ட பாறை. அவ்வேவல் நடந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வினத்தில் ஒன்றான சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கும்பினி அலுவலரின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல் கொண்டு செல்லப்பட்டிருந்தது. 1893ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார் அக்கல்லறையை முன்னிட்டே பாறைக்குப் பெயரிட்டார். தமிழ் நிலத்தின் மூத்த கல், வங்கத்தில் இறந்த ஓர் ஆங்கிலேயர் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது!

எரிமலைத் தீக்கும் தமிழர்க்கும் தொடர்பே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரீயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவு உள்ளது. அதன் கிழக்கில் 2632 மீட்டர் உயர்ந்து நிற்பது பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். உலைமலை என்று தமிழில் சொல்லலாம். இன்றும் அடிக்கடி பொங்குவது. அதன் அடியிலுள்ள வெப்ப ஊற்றின் மேலாக இந்திய நிலத்தட்டு நகர்ந்து சென்றபோது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட குழம்பே மராட்டிய நாட்டின் தக்காணப் படிப்பாறையாக இறுகியது என்பது அறிஞர் கொள்கை. இந்தியாவைச் சுட்ட அவ்வுலை, பின்னர் கடலுக்கு நடுவே தீவுகளைச் சமைத்தது.

1848ஆம் ஆண்டில் அத்தீவில் அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டனர். அங்கே அவர்களுக்கு 'மலபார்' என்று பெயர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் காவடி எடுக்கின்றனர்; திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கின்றனர். ஆனால் தமிழ் அவர்களுக்கு வீட்டுமொழியாக நிலைக்கவில்லை. எரிமலையைச் சூழ்ந்த நிலம் 2007ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று; 2010ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இறுகிய குழம்பின்மேல் வெள்ளைச் சாயப் புள்ளிகளைப் பின்பற்றி மக்கள் நடந்து செல்கின்றனர். மலை பொங்கும் குறி தெரிந்தால் பாதை உடனே மூடப்படும். சாலையோரத்தில் பல இடங்களில், எந்த ஆண்டில் ஓடிய குழம்பு அது என்று பலகையில் எழுதியிருக்கும். 1977ஆம் ஆண்டில் செயின்ட் ரோஸ் பகுதியில் ஓடிய குழம்பு ஒரு மாதாகோயிலின் வாசல்வரை வந்து, சுவரைச் சூழ்ந்து, கட்டடத்தை விட்டுச் சென்றது. புதிய குழம்பின்மேல் முதலில் சாம்பல்நிறக் கற்பாசி படர்கிறது; பிறகு பெரணி; அதன் பிறகே மரம். ஒரு காடு எவ்வாறு பிறக்கிறது என்பதை அங்கே ஆண்டுக் கணக்கோடு படிக்கலாம். அதைச் சொல்ல அங்கு ஒரு தமிழ்ச் சிங்கி இல்லை என்பதே குறை. தீமிதிக்கும் தமிழர்க்குத் தம் கண்முன் நிற்கும் தீமலையைத் தமிழில் பாடக் கொடுத்துவைக்கவில்லை.

குற்றாலத்தின் நிலை இதற்கு மாறானது. மொழி குறைவின்றி இருக்கிறது. நடப்பதுதான் நின்றுவிட்டது. செண்பக அருவிக்கும் தேனருவிக்கும் முன்போல் எவரும் எண்ணியபோது ஏறிச்செல்ல வனத்துறை விடுவதில்லை. தெற்கே களக்காடு முண்டந்துறை 1988ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. 2015ஆம் ஆண்டில் இப்பக்கத்து மலைக்காடுகள் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாயின. 2016ஆம் ஆண்டில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. இத்தடைகளைக் கவிஞர் சிலர் குறைகூறுவதுண்டு. குறைகூற இடமில்லை. பாதை திறந்திருந்த நாளில் மேலேறியவர் விட்டுவந்தவை நெகிழிப் பையும் உடைந்த புட்டியுமே அன்றிப் பாட்டு அல்ல.

மூடிய காட்டுக்குள் நடப்பதோ குறவஞ்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. பெரிய இருவாச்சிப் பறவையில் பெண், முட்டையிடும் காலத்தில் மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவு மட்டும் எஞ்சும். ஆண், மாதக்கணக்கில் அத்தியும் ஆலும் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். அது ஒருநாள் திரும்பாவிடில் கூட்டில் உள்ள உயிர்களின் நிலை என்ன என்று எண்ணிப் பார்க்கலாம். முண்டந்துறைக் காட்டின் சோலைமந்தி, வெடிப்பலாவின் முள்நிறைந்த காயை உடைத்து விதை தின்னும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய குரங்கு. செங்கோட்டைக் கணவாய் காற்றுக்கு வாசல். உயர்மலைச் சோலைப் பறவைக்கோ அது கடத்தற்கரிய அகழி. கணவாய்க்குத் தெற்கேயுள்ள சிரிப்பான் குருவி வேறு இனம், வடக்கே பழனி மலைப் பக்கத்தது வேறு இனம் என்று பறவையியலார் இன்று பிரிக்கின்றனர். ஒரே குலத்தில் பிறந்து, ஒரு பள்ளத்தைத் தாண்ட இயலாமல், பல்லாயிரம் தலைமுறைகளில் வேறாகிப் போன இரு பறவைகள்! பிரிவைப் பாடுவோர்க்கு இதனினும் ஒரு பொருள் வேண்டுமா?

சிங்கியின் அறிவு பழங்கதை அன்று. 1987ஆம் ஆண்டில் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்ற திருவனந்தபுரத்து அறிவியலார் நடந்து களைத்துப் போயினர். வழிகாட்டி வந்த காணிப் பழங்குடியினர் ஒரு காயை மென்றவாறு களைப்பின்றி நடந்தனர். அக்காய் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து பிறந்தது. அதன் வருவாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. மலைவாழ் மக்களின் அறிவுக்கு விலை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்ட முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

மலையை அறியாமை கவிதைக் குறையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், மலைமேல் பெய்த கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் ஓடித் தப்பினர். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவி என்பது கண்ணுக்குத் தெரியும் நுனி மட்டுமே. அதன் உடல், கீழே நிற்பவர் காணமுடியாத காட்டில் கிடக்கிறது. அங்கே பெய்வது இங்கே வந்து சேரச் சிறிது நேரம் போதும். அருவியின் அழகைப் பாடும் கவிதைகள் ஆண்டுதோறும் எத்தனையோ வருகின்றன. அவற்றுள் அந்த மேற்காட்டைச் சொல்வன மிகச் சில.

குறவஞ்சியின் பிற்பகுதியைக் கற்றவர் நினைவுகூரலாம். சிங்கனும் நூவனும் கண்ணியோடு மலையை விட்டுக் கீழே இறங்கி வருகின்றனர். குற்றாலநாதர் கோயில் நிலங்களில் மேயும் பறவைகள் அங்கே பெயர்பெயராக அடுக்கப்படுகின்றன. குறிஞ்சியில் தொடங்கிய நூல் மருதத்துக்கு வந்துவிடுகிறது; சிற்றாறு வருவதுபோலவே. அச்சிற்றாறு குளம் குளமாக நிரப்பிக்கொண்டு சென்று சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. அவ்வயல்களுக்கும் குளக்கரைகளுக்கும் செல்ல எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. நூவன் கண்ட பறவைகளுள் இன்று எவை வருகின்றன, எவை வரவில்லை என்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எண்ணிப் பார்க்க இயலும். கார்த்திகை மழையில் குளம் பெருகி, தை பிறந்து நீர் சற்று வடியத் தொடங்கும் விடியற்காலை அதற்கு உகந்த பொழுது. கொக்கும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும் சேற்றில் இறங்கி நிற்கும். மேற்கே திரிகூடம் பனிமூட்டத்திலிருந்து மெல்ல வெளிப்படும்.