நம் கைகளுக்கும் பலம் உண்டு

(தோட்டப் பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி நாளில் சங்கத்தின் மாதர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை)



கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரை என்றொரு ஊர். அங்கே களரிப்பயிற்று சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்றவர் மீனாட்சி அம்மா. ஏழு வயதில் களரியில் இறங்கியவர். பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் களரியை விட்டுவிடுவதுதான் அன்றைய வழக்கம். அவர் விடவில்லை. தனக்குப் பழக்கிய ராகவன் குருக்களையே மணமுடித்தார். அவர் காலமான பிறகு களரியைத் தானே பொறுப்பேற்று நடத்தினார். மாதக் கட்டணம் கிடையாது, பிள்ளைகள் கொடுக்கும் குருதட்சணை மட்டும்தான். 2017இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதிலும் சேலை கட்டிக்கொண்டே வாள் பிடித்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? "எங்களுக்கு வயசு போய்விட்டது, இது ஆம்பிளைகள் வேலை" என்று காலையில் சிலர் சொன்னீர்கள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் கால்களுக்குப் பலம் இல்லையா? பலம் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

நாம் வாள் சுழற்றத் தேவையில்லை. இன்று பழகியவை மூன்று. முதலாவது குரல். "தள்ளிப்போ" என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். பயத்தில் அடைத்த தொண்டை பழகப்பழகத்தான் திறக்கும். இரண்டாவது, ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தால் சும்மா பின்னால் இழுக்காதீர்கள். அவனுடைய பெருவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுங்கள். பிடி தளர்ந்த இடம் அதுதான். மூன்றாவது, கை விடுபட்டதும் நின்று சண்டை பிடிக்காமல் ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடுங்கள்.

"திருப்பி அடித்தால் நம்மீதே வழக்குப் போடுவார்களே?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உயிரையும் உடலையும் காக்கத் தேவையான அளவுக்கு எதிர்ப்பது குற்றமல்ல. தேவைக்கு மேல் போகக்கூடாது. 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவின்படி பாலியல் துன்புறுத்தல் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையால் செய்தாலும் அது குற்றமே. அவசரத்துக்குப் பொலிஸ் 119, மகளிர் உதவிக்கு 1938. பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நடந்ததைச் சொல்ல வரும் பெண்ணிடம் "ஏன் அந்த வழியாகப் போனாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. லயத்துப் பாதைக்கு விளக்கு, மலையில் மலசலகூடம், தூர மலைக்கு ஒரு பெண்ணைத் தனியே அனுப்பாத ஒழுங்கு: இவை நிர்வாகத்திடம் சங்கம் கேட்க வேண்டியவை. நாம் கை வீசப் பழகிவிட்டோம் என்பதற்காக அவர்கள் பொறுப்புக் குறைந்துவிடாது.

அடுத்த ஞாயிறும் வகுப்பு உண்டு. தாய்மார்களே, மகள்மாரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் நீங்களும் வரிசையில் நில்லுங்கள்.