கோபோல் தெரிந்தவர் தேவை

(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் நம் செயலாளர் ஆற்றிய உரை)

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் நிறைய வந்திருப்பதால் ஒரு செய்தி சொல்கிறோம்.

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லட்சக்கணக்கில் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்த கம்ப்யூட்டர் அமைப்போ 40 ஆண்டுப் பழசு. அதன் மொழி கோபோல். (கோபால் அல்ல!) 1959இல் உருவாக்கத் தொடங்கிய மொழி. கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாகவே கேட்டார்.

தன்னார்வலர்களைத் தேடுவது நமக்கும் பழகிய வேலைதான். ஆனால் வேலையிழந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பணம் அது. அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்க வேண்டாமா?

கோபோல் கடினமான மொழியல்ல. ஏறக்குறைய ஆங்கில வாக்கியம் போலவே இருக்கும். அந்த மாதமே ஐபிஎம் முன்னின்று இலவசப் பயிற்சியையும் அறிவித்தது. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. சட்டம் மாறும்போதெல்லாம் யார் யாரோ ஒட்டுப்போட்ட புரோகிராம் அது. ஏன் அப்படி எழுதினார்கள் என்று சொல்லக்கூடியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். 'பத்தாண்டு அனுபவம் தேவை' என்று விளம்பரம் கொடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை. பொறுமையாகப் படிக்கத் தெரிந்த இளைஞரை வேலைக்குச் சேர்த்து, மூத்தவர் போவதற்கு முன்பே அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

பிள்ளைகளே, நேர்காணலில் கேட்கும் மொழி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். கூடவே, அடுத்தவர் எழுதிய புரோகிராம் ஒன்றைப் படித்து நீங்கள் பிழை திருத்தியதை எடுத்துக் காட்டுங்கள்.