சேர்ப்பது வேறு, குவிப்பது வேறு



நம் வீடுகளில் காலியான மைலோ தகரம் ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டுவிட முடியுமா? "அது எதற்காவது உதவும், வை" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். பிஸ்கட் தகரம், ஜாம் போத்தல், கைப்பிடி ஒடிந்த வாளி, ஓடாத கடிகாரம், அண்ணன் போட்டுத் தம்பி போட்டுக் கிழிந்த சட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. பொருளை வீணாக்காமல் இருப்பது நல்ல குணம்தான். ஆனால் சேர்ப்பது என்பது ஒன்று. குவிப்பது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு பையன் தபால் தலைகளைச் சேகரிக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். எந்த நாட்டுத் தலை, எந்த ஆண்டு வந்தது, யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் உடனே சொல்லுவான். ஒரே தலை இரண்டு இருந்தால் ஒன்றை நண்பனிடம் கொடுத்து, தன்னிடம் இல்லாத ஒன்றை வாங்கிக் கொள்ளுவான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஆசையோடு கொண்டு வந்து காட்டுவான். இது சேகரிப்பு.

இன்னொரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் பத்து மூட்டைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒரு திருகாணி தேவைப்பட்டால் தேடி எடுக்க முடியாமல் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்குகிறார். விருந்தாளி வந்தால் அந்த அறையின் கதவைச் சாத்திவிடுகிறார். இது குவிப்பு.

ஆகவே மூன்று கேள்விகள் போதும். என்ன இருக்கிறது என்று தெரியுமா? வேண்டும்போது எடுக்க முடியுமா? பிறருக்குக் காட்ட மனம் வருமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது சேகரிப்பு. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் நாம் பொருளை வைத்திருக்கவில்லை. பொருள்தான் நம்மை வைத்திருக்கிறது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலாயாவை ஆண்டபோது தாங்களே நோட்டு அச்சிட்டார்கள். பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்ததால் அதை 'வாழைமர நோட்டு' என்றே மக்கள் அழைத்தார்கள். காலம் போகப் போக அதன் மதிப்புக் குறைந்து கொண்டே வந்தது. ஆனாலும் பலர் பெட்டி பெட்டியாக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்தப் பணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பெட்டியில் இருந்ததெல்லாம் வெறும் காகிதமாயிற்று. இன்று அதே நோட்டில் ஒன்றை எடுத்துப் பேரப்பிள்ளையிடம் காட்டி, "இந்தக் காலத்தில்தான் நாங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தோம் என்று உன் பூட்டன் சொல்லுவார்" என்று கதை சொன்னால் அந்த ஒரு நோட்டுக்கு மதிப்பு உண்டு. பெட்டி நிறைய வைத்தது குவிப்பு. கதையோடு வைத்த ஒன்று சேகரிப்பு.

இப்படிச் சொல்வதால் நம் பெரியவர்களைக் குறை கூறுவதாக எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய பழக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஜப்பான் காலத்தில் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திய குடும்பங்கள் உண்டு. அரிசி பஞ்சம் கண்டவர்கள், தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக் கொண்டு போகப்பட்டவர்களின் வீட்டார், ஓர் ஊசியைக்கூட எறிய அஞ்சியதில் என்ன வியப்பு? மேலும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போய்விடும். நிலம் நமதல்ல, வீடு நமதல்ல. 'என்னுடையது' என்று சொல்லிக் கொள்ள அந்தத் தட்டுமுட்டுச் சாமான்கள்தாமே இருந்தன! ஆகையால் அவற்றை எறியச் சொல்லும்போது, அவர்களிடம் இருந்த ஒரே சொத்தை எறியச் சொல்கிறோம் என்பதை இளையவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனாலும் குவிப்பதால் வரும் கேடுகளைச் சொல்லாமல் விட முடியாது.

முதற்கேடு நோய். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுப் பின்புறம் கிடக்கும் தகரம், பழைய டயர், உடைந்த மங்கு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். நீர் வற்றிய பிறகும் தகரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டை பல மாதம் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,000-க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். வீட்டில் கொசு வளர விடுவோருக்குத் தண்டனை உண்டு என்பது 1975-ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம். எலி, பாம்பு, தீ ஆகியவற்றின் ஆபத்து நீங்களே அறிந்தது.

இரண்டாவது கேடு இன்னும் பெரியது. தேவையற்றது பெருகினால் தேவையானது மறைந்து போகும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள், சொக்சோ தாள் இவையெல்லாம் பழைய நாட்காட்டிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே மூட்டையில் சிக்கிக் கிடக்கின்றன, கறையான் தின்றுவிடுகிறது. தாய் தந்தையரின் பத்திரங்கள் இல்லாததால் பிள்ளையின் குடியுரிமைக்கும் பள்ளிப் படிப்புக்கும் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்தத் தாள்களை முதலில் தேடி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டு, நனையாத ஒரு தகரத்தில் வையுங்கள். மைலோ தகரத்துக்கு இதைவிட நல்ல வேலை வேறு இல்லை.

சரி, மற்றவற்றை எப்படிக் கழிப்பது?

ஒரே நாளில் வீட்டைக் காலி செய்யப் புறப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு மூலை போதும். வைத்துக் கொள்வது, பிறருக்குக் கொடுப்பது, விற்பது, எறிவது என நான்காகப் பிரியுங்கள். நினைவு ஒட்டாத பொருளிலிருந்து தொடங்குங்கள். போத்தல், தகரம், பழைய பேப்பர் முதலில் போகட்டும். பேப்பர் லாமா வண்டிக்காரர் காசும் கொடுப்பார். புகைப்படங்களையும் இறந்தவரின் உடைமைகளையும் கடைசியில் தொடுங்கள். கழித்த டயரையும் பிளாஸ்டிக்கையும் போகியன்று கொளுத்த வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. திறந்த வெளியில் குப்பை எரிப்பது சட்டப்படியும் குற்றம்.

பாட்டியின் சேலை இருபது இருக்கிறதா? அவர் மிகவும் விரும்பிக் கட்டிய ஒன்றை மடித்து வையுங்கள். இன்னொன்றில் பேரனுக்குத் தொட்டில் கட்டுங்கள். மற்றவற்றைத் துவைத்துத் தேவையானவர்களுக்குக் கொடுங்கள். கையை விட்டுப் போவதெல்லாம் இழப்பு ஆகாது. மூட்டையில் மக்குவதைவிட இன்னொருவர் உடுத்துவது அந்தச் சேலைக்கும் பெருமை.

முக்கியமான ஒன்று. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும்போது சில பிள்ளைகள், தாயார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் லோரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. அம்மா திரும்பி வந்து பார்க்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது சுத்தமான வீடு அல்ல. கொள்ளை போன வீடு. அதன்பின் முன்னிலும் அதிகமாகச் சேர்க்கத் தொடங்குவார். பக்கத்தில் உட்காருங்கள். "இது யார் கொடுத்தது அம்மா?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லி முடித்தபின் அவரே, "சரி, போட்டுவிடு" என்று சொல்லக் கூடும். அவர் கையால் கொடுத்தால் அது தானம். நாம் பிடுங்கி எறிந்தால் அது வேறு.

சிலருக்கு எதைக் கழித்தாலும் தாங்க முடியாத மனவேதனை உண்டாகும். படுக்க இடமில்லாமல், சமைக்க வழியில்லாமல் பொருள் நிறைந்தாலும் விட முடியாது. இது சோம்பலும் அல்ல, பேராசையும் அல்ல. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. வயது ஏற ஏற இது முற்றும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கூறினால் மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள். திட்டுவதால் இது தீராது. பொறுமையோடு பேசிப் பேசித்தான் மருத்துவம் செய்கிறார்கள்.

கழிப்பதைப் பற்றிச் சொன்னோம். சேகரிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பல தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. மரம் சீவிய கத்தி ஒன்று, பால் மங்கு ஒன்று, காண்டாக் கம்பு ஒன்று, பெரட்டுக் களத்தில் எடுத்த படம் ஒன்று, இவற்றைப் பிள்ளைகள் சேகரிக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு எழுதி வைக்கட்டும்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. சீட்டு இல்லாவிட்டால் அது பழைய இரும்பு. சீட்டு இருந்தால் அது நம் குடும்பத்தின் வரலாறு.

பத்துக் கத்தி வேண்டாம், நேயர்களே. பெயரோடும் கதையோடும் ஒரு கத்தி போதும். இந்த வாரம் ஒரு மூலையில் தொடங்குங்கள்.