அடுத்த வீட்டுக்குக் கேளாத கிதார்

சொந்த ஊரை விட்டு வந்து மும்பை, தில்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் கட்டடங்களில் குடித்தனம் செய்யும் நம்மவர்க்கு ஒன்றைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. நம் வீட்டுச் சுவர் நமக்கு மட்டும் உரியதன்று. அதன் ஒரு முகம் நம்முடையது; மறு முகம் வேறொருவருடையது. நம் வீட்டு மிக்ஸியின் இரைச்சல் அங்கே கேட்கிறது. அவர்கள் வீட்டுக் குழந்தையின் அழுகை இங்கே கேட்கிறது. இவற்றை இரு தரத்தாரும் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் மின்சார கிதார் என்னும் வாத்தியம் வீட்டினுள் புகுந்துவிடுமானால் அந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அது வந்தே விட்டது.

நாங்கள் மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் மகன் கல்லூரி மாணவன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்களின் பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவன். மேனாட்டு வாத்தியமாகிய மாண்டலினில் மின்சாரத்தை இணைத்து, கமகம் குழையக் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டிய மேதை அவர். 2014-ஆம் ஆண்டில் மறைந்தார். கிதாரிலும் அவ்வாறே வாசிக்கும் பிரசன்னா போன்றவர்கள் இருக்கிறார்கள். சாதாரண கிதாரில் தந்தியை மீட்டியவுடன் நாதம் தேய்ந்து போகிறது. மின்சார கிதாரிலோ நாதத்தை நீட்டிப் பிடித்து, அதன்மேல் விரலை இழைத்து கமகம் கொடுக்க முடிகிறது. ஆகவே அந்த வாத்தியமே வேண்டும் என்று பிள்ளை கேட்டான். வாங்கிக் கொடுத்தோம். அதனோடு 15 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றும் வந்தது.

வினை அந்தப் பெட்டியில்தான் இருந்தது. பக்கத்துக் குடித்தனத்து அம்மையார் மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறவர். பகலெல்லாம் உறங்கி எழுந்தால்தான் அவரால் மறுநாள் இரவு நோயாளிகளைக் கவனிக்க முடியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு என்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அளவு வகுத்திருக்கின்றன. பகலில் உறங்குகிறவருக்கு இந்தக் கணக்கால் என்ன பயன்? அவர் இருமுறை வந்து மெதுவாகச் சொன்னார். மூன்றாம் முறை வரவில்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. வந்த ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர்க்கு அப்படி ஒரு கடிதம் எவ்வளவு கனமானது என்பதை நேயர்களில் பலர் அறிவீர்கள். பையன் கிதாரை உறையில் போட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டான். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

ஒலியைக் குறைத்துக்கொண்டு வாசித்தால் ஆகாதா என்று நாங்களும் கேட்டோம். ஆகாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. கிதாருக்கென்று அமைந்த ஸ்பீக்கர் மிகுந்த திறமையுடையது. ஒரே ஒரு வாட் மின்சக்தி கொடுத்தாலும், ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 100 டெசிபெல் ஒலி எழுப்பிவிடும். வாட் எண்ணைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் காதுக்குத் தோன்றும் ஒலி பாதியளவுதான் குறைகிறது. ஆகவே பெரிய பெட்டியை விற்றுச் சிறிய பெட்டி வாங்குவது பலன் தராது. மிகவும் தாழ்த்தி வைத்தால் வேறொரு தொல்லை: மெல்லிய ஒலியில் மனிதக் காது கீழ் ஸ்தாயியைச் சரியாகக் கேட்பதில்லை. பிளெச்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். வாசிப்பவனுக்கு நாதம் சப்பென்று போய்விடுகிறது. கை தானாகவே குமிழைத் திருகுகிறது.

சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, முட்டையே வாங்காத எங்கள் வீட்டில் நாற்பது முட்டை அட்டைகளை ஒட்டினோம். அறைக்குள் எதிரொலி சற்றே குறைந்தது. அடுத்த வீட்டுக்குப் போகும் ஒலி அணுவளவும் குறையவில்லை. ஒலியைத் தடுப்பது கனம். செங்கல்லும் காரையும் தடுப்பதைக் காகிதக் கூழ் தடுக்குமா? வந்து போகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல நேர்ந்ததுதான் மிச்சம்.

பிறகு நாங்கள் அறிந்துகொண்டது இது. மின்சார கிதாருக்குக் காற்றில் ஒலி எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. தந்திகள் இரும்பு கலந்தவை. அவற்றின் கீழே காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருளும் உள்ளன. பிக்கப் என்பது இதுவே. தந்தி அதிர்ந்தால் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. கிதாரின் சங்கீதம் அந்த இடத்தில் மின்சாரமாகவே இருக்கிறது. ஆம்ப்ளிபயர் அதை ஊரறியச் சொல்கிறது, அவ்வளவே. பதிவு செய்ய விரும்புகிறவன் அந்த மின்சாரத்தை நேரே பதிவு யந்திரத்துக்குள் விட்டுவிட்டால் சுவருக்கு அப்பால் என்ன கேட்கப்போகிறது?

இது புதிய யோசனையன்று. லெஸ் பால் என்ற அமெரிக்கக் கலைஞர், 1948-இல் வெளியான ஓர் இசைத்தட்டுக்காக, தம் வீட்டு மோட்டார் கொட்டகையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு கிதார் பாகங்களைப் பதிவு செய்தார். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தில் 1960-களில் கிதார்களை நேரே பதிவு மேஜையில் இணைத்துவிடுவார்கள். எம்.ஐ.டி.யில் பயின்ற பொறியியலாளரும் பாஸ்டன் என்ற இசைக் குழுவின் தலைவருமான டாம் ஷோல்ஸ், ஹெட்போனில் கேட்டு வாசிக்கத்தக்க ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டியை 1982-இல் வெளியிட்டார். 1998-இல் லைன் 6 என்ற நிறுவனத்தார் பாட் என்ற சாதனத்தைக் கொண்டுவந்து, பல ஆம்ப்ளிபயர்களின் குணத்தைக் கணக்கினால் போலச் செய்து காட்டினார்கள். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் செய்தது என்னவென்றால், ஆடியோ இண்டர்பேஸ் என்ற சிறிய பெட்டி ஒன்றை வாங்கினோம். கிதாரின் கம்பியை அதில் செருகி, அதைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, ஹெட்போனில் கேட்பது. சொல்வதற்கு எளிது. முதல் நாள் பையன் வாசித்துவிட்டு முகம் வாடிப்போனான். நாதம் மந்தமாக, கம்பளி போர்த்தியது போல இருந்தது. காரணம் ஒரு சிறிய விசை. பிக்கப்பிலிருந்து வரும் மின்சாரம் மிக மெலிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் வாசல் பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை உடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஸ்தாயி எல்லாம் அங்கேயே வடிந்துவிடும். பெட்டியில் 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-ஸீ' என்றோ எழுதியிருக்கும் விசையைப் போட்டவுடன் வாத்தியம் கண்ணைத் திறந்தது.

அடுத்த தொல்லை இதற்கு நேர்மாறானது. நாதம் முரடேற ஆம்ப்ளிபயரின் பாவனையை மென்பொருளில் சேர்த்ததும், தகர டப்பாவில் வண்டை அடைத்தது போல இரைந்தது. கிதார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. நாம் 'கிதார் நாதம்' என்று பழகியிருப்பது அந்த ஸ்பீக்கர் வடிகட்டித் தந்ததைத்தான். ஆகவே ஸ்பீக்கரின் பாவனையையும் சேர்க்க வேண்டும். உண்மையான ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் முன் மைக்கை வைத்து, அதன் குணத்தை அளந்து எடுத்த சிறு கோப்புகள் இருக்கின்றன. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். அதைப் போட்டதும் இரைச்சல் அடங்கியது. எங்கள் அனுபவத்தில், ஆம்ப்ளிபயர் பாவனையை மாற்றிப் பார்ப்பதைவிட இந்தக் கோப்பை மாற்றிப் பார்ப்பதே அதிகப் பலன் தருகிறது. பலர் முதலாவதிலேயே நாட்களைக் கழிக்கிறார்கள்.

தாமதம் என்ற விஷயத்தையும் சொல்ல வேண்டும். தந்தியை மீட்டுவதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் நடுவே கம்ப்யூட்டர் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறக்குறைய 3 மில்லி செகண்டு ஆகிறது. ஆகையால் 6, 9 மில்லி செகண்டு தாமதம் என்பது இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்த பெட்டியைக் கேட்பது போன்றதே, கை பழகிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தாளம் இழுக்கும். மென்பொருளில் பபர் என்ற எண்ணை 128 அளவுக்குக் குறைத்து வைத்தோம். கம்பியில்லா ப்ளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. அதன் தாமதத்தில் ஆதி தாளம் எந்தத் தாளம் என்றே தெரியாமல் போய்விடும்.

இனி மிகவும் கவனத்துக்குரிய ஒரு செய்தி. பதிவில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்சில் ஓடுவதன் விளைவு அது. பிக்கப்பின் ஒற்றைச் சுருள் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறது. இரட்டைச் சுருளை எதிரெதிராக அமைத்து அந்த ரீங்காரத்தைத் தணிக்கும் ஹம்பக்கர் என்ற பிக்கப்பை, கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த செத் லவர் 1955 வாக்கில் அமைத்தார். ஒற்றைச் சுருள் உள்ளவர்கள் நாற்காலியைச் சற்றே திருப்பி உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு கோணத்தில் ரீங்காரம் வெகுவாகத் தணியும். விசிறி ரெகுலேட்டரிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் தள்ளி இருப்பதும் நலம். ஆனால் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிட்டால் ரீங்காரம் போகும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். கிதாரின் தந்திகள் அந்த எர்த்துடன் இணைந்தவை. எங்கேனும் மின்கசிவு ஏற்பட்டால் அது வாசிப்பவன் விரல் வழியாகப் பாயும். எங்கள் கட்டடம் பழையது. சோதித்துப் பார்த்தபோது அந்த அறையில் மூன்று துளை இருந்தும் எர்த் இணைப்பே இல்லை. பையன் மாதக்கணக்கில் அங்கேதான் வாசித்திருக்கிறான். எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரிசெய்தோம். மற்றதெல்லாம் பிறகுதான்.

வால்வு பொருத்திய ஆம்ப்ளிபயர் வைத்திருப்போர் ஒலியைத் தவிர்க்க எண்ணி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை இயக்கக் கூடாது, டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். ஸ்பீக்கருக்குப் பதிலாக லோட் பாக்ஸ் என்ற பெட்டியைப் பொருத்தியே இயக்க வேண்டும்.

பதிவின் அளவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. 24 பிட் பதிவில், பலமாக மீட்டும்போதும் முள் -12 டெசிபெல் அருகே நின்றால் போதும். பாவனை எதுவும் சேராத மூல நாதத்தையும் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பின்னொரு நாள் வேறு ஆம்ப்ளிபயர் பாவனையை அதற்குப் போட்டுப் பார்க்கலாம்; மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. இம்முறையில் நாங்கள் எதிர்பாராத சௌகரியம் ஒன்றும் உண்டு. மைக்கே இல்லாததால் வெளி ஒலி பதிவில் விழுவதில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கலாம். தெருவில் விநாயகர் ஊர்வலம் போகலாம். பதிவில் கிதார் மட்டுமே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய ஸ்பீக்கரின் முன் நிற்கும்போது அதன் ஒலியே தந்தியை மறுபடி அதிரச்செய்து நாதத்தை நீட்டும். ஹெட்போனில் அது கிடைப்பதில்லை. கார்வையை நம்பி வாசிக்கும் எங்கள் பையனுக்கு அது பெரிய இழப்புத்தான். மாதம் ஒரு முறை மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறைக்குப் போய் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறான். மற்றொன்று, ஹெட்போனும் ஒலிபெருக்கிதான். அடுத்த வீட்டைக் காப்பாற்றிவிட்டுத் தன் காதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் அளவு. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிய பின்னும் அறையில் கிதார் கேட்குமானால் அது அதிகம் என்று நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பையன் அதை எப்போதும் அனுசரிக்கிறான் என்று சொல்வதற்கில்லை.

இந்த ஏற்பாடு செய்து நான்கு மாதம் சென்றபின், மாடிப்படியில் அந்த அம்மையாரைச் சந்தித்தோம். இப்போது தொந்தரவு ஏதும் இல்லையே என்று விசாரித்தோம். "பாவம், பையன் வாசிப்பதையே விட்டுவிட்டானே, என்னால்தானோ என்று இருந்தது" என்றார் அவர். அன்று பிற்பகல் அவர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் மோகன ராக வர்ணத்தை முழுதாகப் பதிவு செய்து முடித்திருந்தான்.