மண்ணுக்குள் இருப்பது யாருடைய பொருள்?



சந்திரகிரிக் கோட்டையடியில் சிறுவயதில் நான் எடுத்த செப்புக்காசு இன்றும் என் பெட்டியில் உள்ளது. எவ்விடத்தில், எதனருகில் கிடைத்ததென்பது மறந்துபோயிற்று. சீட்டுக் கிழிந்த பார்சலைப் போல் அது ஊர்பேர் இழந்து கிடக்கின்றது. உலோகங்காட்டும் கருவிகொண்டு பொழுதுபோக்காக மண்ணைத் துழாவுவோரும் இப்பிழையையே செய்கின்றனர். குடிமல்லத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் தம்மிடத்திலேயே இருப்பதாலன்றோ நமக்கு வரலாறு உரைக்கின்றன!

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர், கைமாறி இலண்டன் சேர்ந்தார். வழக்காடி மீட்க 1991 ஆயிற்று. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

என் காசை ஒப்படைக்க முடிவு செய்துள்ளேன். ஆசை பெரிதன்று, அடுத்த தலைமுறையின் உரிமையே பெரிது.