பயணியின் பெட்டியும் பிரசையின் உரிமையும்

(கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமெரிக்க விமான நிலையங்களில் நடைபெறும் சோதனைகளைப் பற்றியும், அந்நாட்டிலே துவக்கு வைத்திருப்போரின் உரிமையைப் பற்றியும் இன்று பேசப்போகின்றோம் என்று கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், வாசலிலே எம்மை மறித்து, "ஏன் தம்பி, எங்கட ஊர் வழக்கெல்லாம் முடிஞ்சுபோச்சோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுமொழி இவ்வுரையின் கடைசியில் வரும். அதுவரை அவர் பொறுத்தருள வேண்டும். முதலில் ஒரு வழக்கைக் கூறுகின்றோம்.

2005ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதி நாளன்று, ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் புறப்பட்டார். அவரிடம் கைத்துவக்கு ஒன்று இருந்தது. அதனை வைத்திருக்கும் உரிமை அவருக்கு இருந்தது. குண்டுகளைக் கழற்றி, துவக்கைப் பூட்டிய பெட்டியில் இட்டு, விமான நிலையத்தில் அதனை வெளிப்படையாகக் கூறி, சாமான்களோடு ஒப்படைத்தார். சட்டம் கேட்ட யாவும் செய்தாயிற்று. ஆனால் இடைவழியில் நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவாக் நகரிலே அடுத்த விமானம் தவறிவிட்டது. மாற்று ஏற்பாடாகக் கிடைத்த பேருந்தில் அவருடைய சாமான்கள் வந்துசேரவில்லை. அவர் இறங்கிச் சாமான்களைத் தேடி எடுப்பதற்குள் பேருந்தும் போய்விட்டது. இரவு வேளை, கையில் பெட்டி, வேறென்ன செய்வது? அருகிலிருந்த விடுதியில் தங்கினார். மறுநாட் காலை விமான நிலையத்துக்குச் சென்று, முதல் நாள் கூறியதுபோலவே, பெட்டியில் துவக்கு இருக்கின்றது என்று தாமாகவே கூறினார். உண்மை கூறிய அக்கணமே பொலிசார் அவரைக் கைது செய்தனர். நியூ ஜேர்சியின் அனுமதிப்பத்திரம் அவரிடம் இல்லை என்பதே குற்றம். பிணையில் வெளிவருமுன் சில நாட்கள் சிறையிற் கழிந்தன. குற்றச்சாட்டுப் பின்னர் கைவிடப்பட்டது.

அந்நாட்டுப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ், இத்தகைய பயணிகளைக் காப்பதற்கென்றே 1986இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. துவக்கு வைத்திருக்க உரிமையுள்ள ஓரிடத்திலிருந்து அதே உரிமையுள்ள இன்னோரிடத்துக்கு, குண்டுகளின்றி, கைக்கெட்டாதவாறு வைத்துக் கொண்டுசெல்பவனை, இடையிலுள்ள மாநிலத்தின் சட்டம் தடுக்கலாகாது என்பதே அதன் சாரம். யூட்டாக்காரர் இச்சட்டத்தைக் காட்டி நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. விடுதியில் தங்கிய அந்த இரவில் பெட்டி அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆகையாற் சட்டத்தின் பாதுகாப்பு அவ்விரவோடு அற்றுப்போயிற்று என்றனர் நீதியரசர்கள். அதே ஆண்டில், நியூ யோர்க் விமான நிலையங்களில் இடர்ப்பட்டோர் தொடர்ந்த வழக்கில் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. இச்சட்டத்தைக் காட்டி அதிகாரிகளிடம் நட்டஈடு கேட்கும் வழக்கே இல்லை என்று தீர்த்தது.

எம்மைப் போன்ற சட்டத்தரணிகளுக்கு மாணவப் பருவத்திலே கற்பிக்கப்படும் முதற் பாடங்களுள் ஒன்று, உரிமை எங்குண்டோ அங்கே பரிகாரமும் உண்டு என்பது. பரிகாரமற்ற உரிமை எத்தகையது? குளம் நிறையத் தண்ணீர் நிற்கின்றது, வாய்க்கால் வெட்டப்படவில்லை என்று கமக்காரனிடம் கூறுவது போன்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். அந்நாட்டின் துவக்கு மோகத்தை நாம் போற்ற வரவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களிற் பயணிகளின் கைப்பைகளிலிருந்து 6,678 துவக்குகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை குண்டு நிரப்பப்பட்டவை. மறந்துவிட்டோம் என்பதே பலரும் கூறும் சாட்டு. குண்டு நிரப்பிய துவக்கைப் பையிலிட்டு மறந்துவிடும் மனிதனோடு விமானத்திற் பறக்க எமக்கும் விருப்பமில்லை. அத்தகையவனைச் சோதிப்பது அரசின் கடமை. நாம் கேட்பது வேறு. பெட்டியிலுள்ளதை மறைத்தவனுக்கும், சட்டத்தை நம்பி வாய்திறந்து சொன்னவனுக்கும் ஒரே விலங்குதானா?

இச்சோதனைகள் எங்ஙனம் தொடங்கின என்பதையும் அறிதல் வேண்டும். விமானங்களைக் கடத்திக் கியூபாவுக்குக் கொண்டுசெல்வது அறுபதுகளின் பிற்பகுதியில் வழமையாகிவிட்டது. 1972 நவம்பரிலே ஒரு விமானத்தைக் கடத்தியோர், ஓக் றிட்ஜ் அணு நிலையத்தின்மீது அதனை மோதுவோம் என்று அச்சுறுத்தினர். 1973 சனவரியில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கும் முறை வந்தது. காரணமின்றி எவரையும் சோதித்தலாகாது என்னும் அரசியலமைப்பின் நான்காந் திருத்தம் இதற்கு இடந்தருமா என்ற வினா அவ்வாண்டே கலிபோர்ணியாவின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஆயுதமும் வெடிபொருளும் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய அளவுக்குமேற் சோதனை செல்லலாகாது. சோதனை வேண்டாமென்பவன் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பிச் செல்லலாம் என்று நீதிமன்றம் கூறிற்று.

திரும்பிச் செல்லலாம் என்ற இச்சிறு சொற்றொடரை மனத்திற் கொள்ளுங்கள். 2007இல் அதே நீதிமன்றத்தின் முன் இன்னொரு வழக்கு வந்தது. ஹொனலூலு விமான நிலையத்திற் சோதனை தொடங்கியபின், நான் பயணஞ் செய்யவில்லை, என்னை விடுங்கள் என்று கேட்டவனை அதிகாரிகள் விடவில்லை. அவனிடம் போதைப்பொருள் அகப்பட்டது. சோதனை தொடங்கியபின் திரும்பிச்செல்லும் உரிமை கிடையாது, பயணியின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நீதியரசர்கள் தீர்த்தனர். வழக்காளி போதைப்பொருள் வைத்திருந்தவன் என்பதால் எவரும் அவனுக்காகக் கண்ணீர் விடவில்லை. உரிமைகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன: எவரும் பரிந்து பேச விரும்பாத ஒருவனுடைய வழக்கில் முதலிற் போய்விடும், பின்பு நல்லவனுக்கும் இல்லாமற்போகும். 2010இல், உடலின் அந்தரங்க உறுப்புகளைத் தடவிச் சோதிக்கும் முறைக்கு உடன்படாது வெளியேறிய சான் டியேகோப் பயணி ஒருவரை, தண்டப்பணம் விதிப்போம் என்று அதிகாரிகள் வெருட்டினர். அவரிடம் போதைப்பொருளும் இல்லை, துவக்கும் இல்லை.

அவ்வாண்டின் கிளர்ச்சியைச் சற்று விரிவாகப் பார்ப்பது அரசியல் வேலை செய்வோருக்குப் பயன்தரும். 2009 டிசம்பர் 25ஆந் தேதி உள்ளாடையில் வெடிபொருள் வைத்துவந்த ஒருவன் டிற்றோயிற் நகருக்குச் சென்ற விமானத்தில் அகப்பட்டான். அதன்பின் ஆடையை ஊடுருவி உடலைப் படம் பிடிக்கும் இயந்திரங்கள் விமான நிலையங்களில் விரைந்து பரவின. வேண்டாமென்போரைக் கையாற் கடுமையாகத் தடவினர். மக்கள் கொதித்தெழுந்தனர். நன்றியறிதல் விழாவுக்கு முதல்நாளாகிய 2010 நவம்பர் 24 அன்று, எல்லாரும் இயந்திரத்தை மறுத்துக் கைச்சோதனை கேட்டு வரிசைகளை நிறுத்திவைப்போம் என்று சிலர் அறைகூவினர். நாள் வந்தது, வரிசைகள் நிற்கவில்லை. ஊருக்குப் போய்த் தாய் தந்தையரோடு விருந்துண்ணத் துடிக்கும் மனிதன், அன்றைக்கென்று மறியல் செய்வானா? ஆனால் அதே மாதத்தில் விமானிகளின் சங்கங்கள் தம் அங்கத்தவரை இயந்திரத்தை மறுக்குமாறு பணித்தன. சில கிழமைக்குள் விமானிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பின்னர் விமானப் பணியாளருக்கும் கிடைத்தது. கூப்பிட்ட குரலுக்குக் கூட்டம் வருமென்று நம்பியோர் தோற்றனர். அங்கத்தவர் பட்டியலைக் கையில் வைத்திருந்தோர் வென்றனர்.

வழக்கு மன்றிலும் போர் நடந்தது. 2011 யூலையிலே தலைநகரின் மேன்முறையீட்டு நீதிமன்றம், இயந்திரம் நான்காந் திருத்தத்துக்கு முரணன்று என்று கூறிற்று. ஆயினும், இத்துணைப் பெரிய விதியைப் பொதுமக்களுக்கு முன்னறிவித்து அவர்தம் கருத்தைக் கேளாது கொண்டுவந்தது சட்டப்பிழை என்றும், அக்குறையைக் காலந்தாழ்த்தாது நீக்க வேண்டுமென்றும் பணித்தது. காலந்தாழ்த்தாது! இறுதி விதி வெளிவந்தது 2016 மார்ச்சில். அரசாங்கங்களின் நாட்காட்டி உலகெங்கும் ஒரே அச்சகத்திலேதான் அச்சாகின்றது போலும். எனினும் இடையில் வெற்றியொன்று கிட்டிற்று: நிர்வாண உருவத்துக்குப் பதிலாகப் பொதுவான மனிதக் கோட்டுருவை மட்டுமே காட்டவேண்டுமென்று 2012இல் காங்கிரஸ் சட்டமியற்ற, அதற்கு இணங்க முடியாத இயந்திரங்கள் 2013இல் அகற்றப்பட்டன.

சமஷ்டி பற்றி ஆராயும் நம்மவர் கவனிக்க வேண்டியது ரெக்சாஸ் மாநிலத்தின் செய்கை. தகுந்த காரணமின்றிப் பயணியின் அந்தரங்க உறுப்பைத் தொடும் அதிகாரியைக் குற்றவாளியாக்கும் மசோதா 2011 மே மாதம் அம்மாநிலக் கீழ்ச்சபையில் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. மத்திய அரசின் வழக்குரைஞரிடமிருந்து ஒரு கடிதம் பறந்து வந்தது. பயணிகளின் பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாதுபோனால் அங்கிருந்து புறப்படும் விமானங்களை நிறுத்த நேரிடும் என்பது அதன் பொருள். மேற்சபையில் மசோதா சரிந்தது. ஐம்பது மாநிலங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று, ஒரு கடிதத்துக்கு மடங்கிற்று. அதிகாரப் பங்கீடு ஏட்டில் இருந்தாற் போதும் என்று கருதுவோர் இதனைச் சிந்திக்கட்டும்.

துவக்குக்காரருக்குத் திரும்புவோம். நியூ யோர்க் நகரில், வீட்டில் வைத்திருக்கும் அனுமதி பெற்ற கைத்துவக்கைப் பூட்டிய பெட்டியிலிட்டுக்கூட நகருக்கு வெளியேயுள்ள தன் சொந்த இரண்டாம் வீட்டுக்குக் கொண்டுபோதல் தடுக்கப்பட்டிருந்தது. நகருக்குள்ளிருந்த ஏழு சுடுபயிற்சி நிலையங்களுக்கு மட்டுமே கொண்டுசெல்லலாம். பொதுமக்களின் பாதுகாப்புக்கு இவ்விதி வேண்டுமென்று நகர நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் வாதாடி, இரண்டு நீதிமன்றங்களில் வெற்றியும் பெற்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க ஏற்றுக்கொண்டதும், நகர நிர்வாகமே விதியை மாற்றிவிட்டது! 2020 ஏப்ரிலில், விதி மாறியமையால் தீர்க்கப்பட வேண்டிய பிணக்கு இல்லையென்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. நேற்றுவரை உயிர் காக்கும் விதி, நீதியரசர் பார்க்கப் போகிறார் என்றதும் தேவையற்றதாயிற்று.

2016இல் இன்னுமொரு வினோதம் நிகழ்ந்தது. அரசு இரகசியமாக வைத்திருக்கும் விமானப் பயணத் தடைப் பட்டியலில் உள்ளோருக்குத் துவக்கு விற்கலாகாது என்ற யோசனை, ஒர்லாண்டோ நகரின் படுகொலைக்குப்பின் செனற் சபைக்கு வந்தது. கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் துவக்குக்காரரின் பெருஞ் சங்கமும், அதனோடு பெரும்பாலும் ஒத்துப்போகாத குடியியற் சுதந்திரச் சங்கமும் அதனை வெவ்வேறு நோக்கிலிருந்து எதிர்த்தன. குற்றஞ் சாட்டப்படாமல், விசாரிக்கப்படாமல், காரணமும் கூறப்படாமல் ஒருவன் பெயர் ஏறும் பட்டியல் அது. அப்பட்டியலில் அகப்பட்ட அமெரிக்கப் பிரசைகள் பதின்மூவரின் வழக்கிலே, பெயரை நீக்கக் கேட்கும் முறை அரசியலமைப்புக்கு முரணானதென்று ஒறிகன் மாநிலத்திலுள்ள மத்திய நீதிமன்றம் 2014இலேயே தீர்த்திருந்தது. அப்பதின்மூவருள் முஸ்லிம்களே பெரும்பான்மையோர். துவக்குக்காரரோ அந்நாட்டின் வேறொரு பகுதியினர். இரு பகுதியாரும் ஒருவரை ஒருவர் விரும்பவேண்டும் என்பதில்லை. ஒரே பட்டியல் இருவரையும் தொடுமென்பதை உணர்ந்தாற் போதும்.

இப்போது வாசலில் நின்ற பெரியவருக்கு மறுமொழி. நம் வன்னிக் கமக்காரர் பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி வைத்திருக்கும் துவக்கு, 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அனுமதியினாலே நிற்பது. அமெரிக்கனுக்கு அது அரசியலமைப்பு உரிமை, நமக்கோ சலுகை. உரிமையென்று எழுதப்பட்ட இடத்திலேயே ஒரு பெட்டிக்காகச் சிறை செல்ல நேருமாயின், சலுகைக்காரன் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! ஆனால் நடமாடும் சுதந்திரம் நமக்குச் சலுகையன்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை ஒவ்வொரு பிரசைக்கும் எழுதிக் கொடுத்திருக்கின்றது. எழுதிக் கொடுத்த பின்னரும் வவுனியாவிலே பாஸ் முறை ஆண்டுக்கணக்காக நடந்தது. சிதம்பரபுரம் முகாமிலிருந்த ஒருவர் துணிந்து வழக்கிட்டபோது, அவருடைய நடமாடும் சுதந்திரம் மீறப்பட்டதென்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்த்தது. 2007 யூன் 7ஆந் தேதி கொழும்பு விடுதிகளிலிருந்து நம்மவரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினர். மறுநாளே உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தது. 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வடமாகாணம் செல்வோர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டுமென்று அறிவித்தனர். தாயின் முகம் பார்க்க வந்த மகன் ஓமந்தையிற் காத்து நின்றான். 2015 சனவரியில் அரசு மாறியதும் அவ்வறிவிப்பு நீங்கிற்று. அதுவும் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்றே கூறப்பட்டது.

ஆதலின், நண்பர்களே, வழியில் எவரேனும் உங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறவுங்கள். முரண்டு பிடித்து அடி வாங்க வேண்டாம். ஆனால் எந்தச் சட்டத்தின்கீழ் என்று மரியாதையாகக் கேளுங்கள். நாள், நேரம், இடம், அதிகாரியின் இலக்கம், அவர் சொன்ன சொல் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். அடிப்படை உரிமை வழக்கென்றால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அறுவடை முடியட்டும், கலியாணம் முடியட்டும் என்று இருந்துவிட்டு மூன்றாம் மாதம் வந்தால் எம்மால் ஒன்றும் செய்ய இயலாது. அத்தகைய முறைப்பாடு உள்ளோர், கூட்டம் கலைந்ததும் வாசலிலுள்ள மேசையண்டை வாருங்கள். தமிழிலேயே எழுதித் தரலாம். எழுத முடியாதோர் சொல்லுங்கள்; நம் இளைஞர் எழுதிக்கொள்வர்.