கீழ்த்தளத் தூண்களைக் கொஞ்சம் பாருங்கள்

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொடியேற்றியாகிவிட்டது, இனிப்பும் கொடுத்தாகிவிட்டது. டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் பொறியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்தத் தேதியில், இந்த இடத்தில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

2001ஆம் ஆண்டு இதே ஜனவரி 26, காலை 8.46 மணி. நாடு முழுக்கக் கொடியேற்றிக்கொண்டிருந்த நேரத்தில் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. ரிக்டர் கணக்கில் 7.7 என்கிறார்கள். அஞ்சார் என்ற ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள், குறுகிய தெருவில் இருபுறமும் வீடுகள் சரிந்து மாண்டார்கள். மொத்தத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர்.

நான் சொல்ல வந்தது கட்ச் பற்றி அல்ல, அகமதாபாத் பற்றி. அதிர்வு மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற நகரம் அது. இங்கிருந்து வேலூர் போய், அதையும் தாண்டிப் போகிற தூரம். அங்கே சுமார் 750 பேர் இறந்தார்கள். பழைய மண்வீட்டில் இருந்தவர்கள் அல்ல. பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். நம்மைப் போல் கடன் வாங்கி பிளாட் வாங்கி, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டி வந்தவர்கள்.

ஏன் அப்படி நடந்தது? அந்த நகரம் சபர்மதி ஆறு கொண்டுவந்து சேர்த்த ஆழமான வண்டல் மேல் இருப்பது ஒரு காரணம். இளகிய மண், தூரத்திலிருந்து வரும் அதிர்வைப் பெரிதாக்கிக் கொடுக்கும். இன்னொரு காரணம், இப்போது நாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோமே, இது போன்ற கீழ்த்தளம். இடிந்த கட்டடங்களில் பெரும்பாலானவை கார் நிறுத்துவதற்காகக் கீழே சுவரில்லாமல், வெறும் தூண்கள் மேல் நின்றவை.

கொஞ்சம் நிமிர்ந்து மேலே பாருங்கள். முதல் மாடி முதல் நான்காம் மாடி வரை தூணுக்குத் தூண் செங்கல் சுவர் இருக்கிறது. அதனால் மேல்பகுதி முழுவதும் ஒரே பெட்டி மாதிரி இறுகி நிற்கிறது. கீழே சுவர் கிடையாது. அதிர்வில் தரை பக்கவாட்டில் இழுக்கும்போது மேலே இருக்கும் பெட்டி அப்படியே ஒன்றாக ஆடும். வளைவது, நெளிவது எல்லாம் இந்தத் தூண்களின் தலையில்தான் விடியும். எங்கள் கிளையில் பழைய லெட்ஜர்களை அடுக்கிய மேஜை ஒன்று இருந்தது. யாராவது அதை வேகமாக நகர்த்தினால் லெட்ஜருக்கு ஒன்றும் ஆகாது, மேஜைக்கால்தான் மடங்கும். அதே கணக்குதான் இங்கேயும். இப்படிப்பட்ட அமைப்பைப் பொறியாளர்கள் 'சாஃப்ட் ஸ்டோரி' என்கிறார்கள். பெயர்தான் மென்மை.

நம்மூரில் பூகம்பமா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில், புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட அதிர்வு சென்னையில் நன்றாக உணரப்பட்டது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், தெருவெல்லாம் ஜனம். அதன் அளவு சுமார் 5.5. ரிக்டர் கணக்கு சாதாரண வட்டி மாதிரி ஏறுவதில்லை, கூட்டு வட்டியைவிட மோசம். ஒரு எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு, இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. நாம் அன்று பார்த்தது சின்னப் பிள்ளை.

2002இல் இந்திய தரநிலை ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. முதல் மண்டலம் என்ற 'ஆபத்தே இல்லாத' வகையை வரைபடத்திலிருந்து எடுத்தே விட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதியில் வந்த பூகம்பத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஊர் அப்போதைய வரைபடத்தில் முதல் மண்டலத்தில்தான் இருந்தது.

அதே 2002 திருத்தத்தில், இப்படித் திறந்த கீழ்த்தளம் இருந்தால் அங்குள்ள தூண்களை, கணக்கில் வரும் விசையைப் போல் இரண்டரை மடங்கு தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்று விதியும் வந்தது. நம் கட்டடம் முடிந்த வருடம் 1997. மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக நாளையே இடியும் என்று பயப்பட வேண்டாம். நல்ல பொறியாளர் பார்த்துக் கட்டியிருந்தால், விதி வருவதற்கு முன்பே தூண்கள் பலமாக இருந்திருக்கலாம். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி ரிங் கம்பி கட்டுவார்கள். அதன் முனையைச் செங்குத்தாக மடக்கி விட்டுவிட்டால், பெரிய ஆட்டத்தில் பிரிந்துகொள்ளும். 135 டிகிரி உள்பக்கமாக மடக்கிக் கொக்கி போட்டிருந்தால் பிடித்துக்கொள்ளும். கட்டும்போது ஒரு தூணுக்குச் சில நிமிடம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். ஆனால் காங்கிரீட் போட்ட பிறகு வெளியே இருந்து பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது.

வெளியே தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். சம்ப் மூடிக்குப் பக்கத்துத் தூணையும், பி பிளாக் லிஃப்டுக்குப் பின்னால் இருக்கும் தூணையும் டிபன் முடிந்ததும் போய்ப் பாருங்கள். அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பூச்சு உப்பியிருக்கிறது. விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கிறது. ஓரிடத்தில் துரு நிறத்தில் கோடு இறங்கியிருக்கிறது. ஈரமும் கடற்கரை ஊரின் உப்பும் சேர்ந்து கம்பியைத் தின்கின்றன. துருப்பிடித்த கம்பி பருமனாகி, மேலிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பூகம்பம் வராவிட்டாலும் கவனிக்க வேண்டிய நோய் இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் கட்டடம் முழுக்கப் பெயின்ட் அடிக்கும் தீர்மானம் வரப்போகிறது. சிறப்பு நிதியும் வசூலாகத் தொடங்கிவிட்டது. நான் பெயின்ட்டுக்கு எதிரி அல்ல. ஆனால் தூணைச் சோதிக்காமல் அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், நோயாளிக்குப் பவுடர் பூசி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. இன்னும் ஐந்து வருடத்துக்கு அந்த விரிசல் யார் கண்ணிலும் படாது. முதலில் தகுதிபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் கட்டடத்தைப் பரிசோதிக்கச் சொல்வோம். அந்த நிதியிலிருந்தே அவருக்குக் கட்டணம் கொடுப்போம். காங்கிரீட்டின் உறுதியை உடைக்காமலேயே சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. அவர் அறிக்கை வந்த பிறகு நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அறிக்கையில் என்ன வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் கோபப்பட வேண்டாம். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் காங்கிரீட் போர்த்தும் 'ஜாக்கெட்டிங்' தேவை என்று வரலாம். அப்போது தூண் பருமனாகும், உங்கள் கார் இடத்தில் சில அங்குலம் போகும். சில தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பவோ இரும்புச் சட்டம் போடவோ சொன்னால் ஒன்றிரண்டு பார்க்கிங்கே போகலாம். பைக் நிறுத்தும் இடத்துக்காகவே நம் குழுவில் நடந்த வாக்குவாதத்தை நான் மறக்கவில்லை. எந்த இடம் போனாலும் அதன் நஷ்டத்தை நாற்பது வீடும் பகிர்ந்துகொள்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொண்டால், அறிக்கை கிடப்பில் போகாது.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. தூணிலோ பீமிலோ யாரும் குழாய்க்காகத் துளை போடக் கூடாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, மண் தொட்டி என்று பாரம் கூட்டக் கூடாது. தண்ணீர் கனம், உச்சியில் இருக்கும் கனம் ஆட்டத்தை அதிகமாக்கும். வீட்டுக்குள் பீரோ, புத்தக அலமாரி, ஃபிரிட்ஜ் மேல் வைத்த சாமான் எல்லாம் கட்டில் பக்கம் சாயாதபடி வையுங்கள். பீரோவை எல் வடிவ இரும்புத் துண்டால் சுவரோடு பிணைக்க ஒரு தச்சருக்கு அரை மணி நேரம் போதும்.

அதிர்வு வந்தால் என்ன செய்வது? மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டுக்கு ஓட வேண்டாம், லிஃப்டைத் தொடவே வேண்டாம். உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து, தலையை மறைத்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்கள் அங்கேயே தலையணையால் தலையை மூடிக்கொண்டால் போதும். ஆட்டம் நின்றதும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படி வழியாக இறங்குங்கள்.

இறங்கி எங்கே நிற்பது? 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது சென்னையில் அலுவலகங்களும் வீடுகளும் காலியாயின. நம் ஆட்கள் எல்லோரும் இறங்கி வந்து கூடி நின்று பேசிக்கொண்டிருந்தது இந்த ஸ்டில்ட்டில்தான். வெயிலாம்! பின்னதிர்வு வந்தால் கட்டடத்திலேயே மிக மோசமான இடம் இதுதான். காம்பவுண்டு ஓரமும் சரியில்லை, மேலிருந்து ஜன்னல் ஷேடும் கண்ணாடியும் விழும். எதிரே இருக்கும் மாநகராட்சி விளையாட்டுத் திடலுக்குப் போய்விட வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் அவர்களை இறக்கிக் கூட்டிப் போவது என்ற பட்டியலை வாட்ச்மேன் அறையில் ஒட்டி வைக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு நம்மிடம் பதினொன்று.

சுனாமி பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. இப்போது 2007 முதல் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கிருந்து அறிவிப்பு வந்தால் நம்புங்கள். 'இன்றிரவு பன்னிரண்டு மணிக்குப் பூகம்பம்' என்று வாட்ஸாப்பில் வந்தால் நம்பாதீர்கள். நாளும் நேரமும் குறித்துப் பூகம்பத்தைச் சொல்லும் வித்தை உலகத்தில் எவரிடமும் இல்லை.

கடைசியாக என் சொந்தத் துறை. வீட்டுக்கடன் இருந்த காலத்தில் பலருக்கும் கட்டடக் காப்பீடு இருந்திருக்கும். கடன் முடிந்ததும் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம், காப்பீட்டைப் புதுப்பிப்பவர் அபூர்வம். கவுன்டரில் இருந்த காலத்தில் இதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். கார் இன்சூரன்ஸ் தேதி நாவில் நிற்கும், அதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள வீட்டுக்கு ஒன்றும் இருக்காது. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. பூகம்பம், சுனாமி, நிலச்சரிவு, வெள்ளம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். காப்பீட்டுத் தொகையை பிளாட்டின் சந்தை விலைக்குப் போட வேண்டாம். மண் எங்கும் போகாது. கார்பெட் ஏரியாவைச் சதுர அடிக்கான இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். ஆனால் ஒரு வீடு மட்டும் எடுத்து மற்ற வீடுகள் எடுக்காவிட்டால், கட்டடம் விழுந்த பிறகு திரும்பக் கட்டப் பணம் சேராது. எல்லோரும் சேர்ந்து கேட்டால் பொது இடங்களையும் எப்படிச் சேர்ப்பது என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கலாம். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்று. பரிசோதனைக்கு வருகிற இன்ஜினியர் முதலில் கேட்பது கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைத்தான். தூணில் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சங்க அலுவலகத்தில் அது இல்லை, பில்டரும் தொழிலை மூடிவிட்டார். 1997இல் முதலில் வாங்கியவர்கள் இன்னும் ஒன்பது வீட்டில் இருக்கிறீர்கள். பத்திரக் கட்டோடு சேர்த்து அந்த நகல் யாரிடமாவது மடங்கிக் கிடக்கலாம். பொதுக்குழுவுக்கு முன் தேடிப் பார்த்து, செயலாளரிடமோ என்னிடமோ கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்.